பந்தியில் இரண்டரைக் கோடிப் பேர்!

எட்டயபுரத்துக்கும் மழைக்கும் ஒரு பழைய கதை உண்டு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர் அந்த ஊருக்கு வந்தபோது கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் ஒரு கிருதி பாடினார். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடைசியில், 'போதும், நில்!' என்று அவரே பாட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். 1835-ஆம் வருஷம் தீபாவளியன்று அந்த ஊரிலேயே அவர் காலமானார். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரிடையான மழை ஒன்று 2019-ஆம் வருஷம் ஜூலை 9-ஆம் தேதி இங்கிலாந்தில் பெய்தது. யாரும் வேண்டாத மழை! மான்செஸ்டர் நகரத்தில் இந்தியாவும் நியூஸிலாந்தும் உலகக் கோப்பை அரை இறுதியில் மோதிக்கொண்டிருந்தன. நியூஸிலாந்து 5 விக்கெட்டுக்கு 211 ஓட்டம் எடுத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மிச்ச ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. மறுநாளோ புதன்கிழமை, ஆபீஸும் பள்ளிக்கூடமும் உள்ள நாள். டெலிவிஷனுக்கு முன்னால் உட்கார முடியாதவர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள்? செல்போனை எடுத்துக்கொண்டார்கள்.

'கிரிக்கெட்டா? அதற்கும் எங்களுக்கும் என்ன ஸ்நானப் பிராப்தி?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸீரியலில் மாமியார் ஏதோ முக்கியமான ரகசியத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறாள். அந்தச் சமயம் பார்த்துத் திரையின் நடுவே ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறதே, அந்தச் சக்கரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எட்டயபுரத்துப் பாட்டியானால், "ஏட்டி, இது என்ன இப்படிச் சுத்திக்கிட்டே கெடக்கு!" என்று பேத்தியைக் கோபித்துக்கொள்வாள். பேத்தி டவரைத் திட்டுவாள். இரண்டு பேரும் திட்ட வேண்டிய ஆசாமி வேறு எங்கேயோ இருக்கலாம்.

அந்த ஆசாமிக்குப் பெயர் ஸர்வர். ஹோட்டலில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "என்ன ஸார் வேணும்?" என்று கேட்டுவிட்டு ஒரே மூச்சில் பதினாறு பலகாரங்களை ஒப்பிக்கிறாரே, அவரும் ஸர்வர்தான். இங்கே நாம் பார்க்கப்போகிற ஸர்வர் ஓர் இயந்திரம். ஆனால் உத்தியோகம் என்னவோ ஒன்றுதான். கேட்டவருக்குக் கேட்டதை, கேட்ட நேரத்தில், ஆறுவதற்கு முன் கொண்டு வந்து வைக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி வானொலி நிலையம் ஒரு நாடகத்தை ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எட்டயபுரத்தில் ஒரே ஒரு வீட்டில் கேட்டாலும் சரி, ஜில்லா முழுவதும் லட்சம் வீட்டில் கேட்டாலும் சரி, நிலையத்துக்குச் செலவு ஒன்றுதான். கோபுரத்து மணி மாதிரி. காதுள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது. செல்போனில் வரும் படம் அப்படி அல்ல. அது கல்யாணப் பந்தி. ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் இலை. ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியாகப் பரிமாற வேண்டும். ஆள் கூடினால் அரிசி கூட வேண்டும், வாளி கூட வேண்டும், கையும் கூட வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாத் தொல்லையும் பிறக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸர்வரிலிருந்து வெளியே போகும் கம்பி வினாடிக்கு 10 கிகாபிட் கொண்டுபோகும் என்று வைத்துக்கொள்வோம். பளிச்சென்ற படம் ஒன்றுக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேண்டும். அப்படியானால் ஏக காலத்தில் 2,000 பேருக்குப் பரிமாறலாம். 2,001-ஆவது விருந்தாளி வாசலில் வந்து நின்றால்?

கல்யாண வீட்டில் சமையல்காரர் இதை எப்படிச் சமாளிப்பார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒன்று, "அடுத்த பந்தியில் உட்காரலாம், மாமா" என்று நாசூக்காக நிறுத்தி வைப்பார். இரண்டு, மோரில் இன்னும் ஒரு குடம் தண்ணீரைச் சேர்ப்பார். மூன்று, பக்கத்து மண்டபத்துக்கு அனுப்பி வைப்பார். நாலாவதாக ஒன்று உண்டு. அது சாமர்த்தியமில்லாதவர் செய்வது. வந்தவரை எல்லாம் உட்கார வைத்துவிட்டு, ஒருவருக்கும் ஒழுங்காகப் போடாமல், முதலில் உட்கார்ந்தவருடைய வயிற்றெரிச்சலையும் சேர்த்துக் கொட்டிக்கொள்வது. சக்கரம் சுற்றுவது சில சமயம் இந்த நாலாவது வகையால்தான்.

இந்த 'இலை போட்டவரை எழுப்பக் கூடாது' என்கிற தர்மத்தைக் கணிதமாக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர், பின்னாளில் கோயமுத்தூர் அமிர்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான பி. வெங்கட் ரங்கன். 1991-ஆம் வருஷம் அவர் கலிபோர்னியாவில் ஸான் டியேகோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப்போது செல்போனில் சினிமா என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவரும் ஹாரிக் வின் என்பவரும் சேர்ந்து, படத்தையும் ஒலியையும் தட்டில் சேமித்து வைத்துப் பல பேருக்கு ஒரே சமயத்தில் எப்படி விடாமல் கொடுப்பது என்று ஆராய்ந்து எழுதினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்னை நம் ரசம் வாளிப் பிரச்னையேதான். பரிமாறுகிறவர் வாளியோடு முதல் இலையில் தொடங்கிக் கடைசி இலை வரை போய்த் திரும்ப வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் முதல் இலைக்காரர் ரசத்தை முடித்துவிட்டு வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆகவே புதிதாக ஓர் இலை போடுவதற்கு முன், 'இந்த ஆளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு சுற்று முடிய எத்தனை நேரம் ஆகும்? முதல் இலை காயுமா, காயாதா?' என்று கணக்குப் பார்க்க வேண்டும். காயும் என்றால் புது விருந்தாளியை ஏற்கக் கூடாது. கண்டிப்பான விதி. ஆனால் நியாயமான விதி என்றே எனக்குப் படுகிறது. பாதி வயிற்றோடு எழுப்புவதைவிட வாசலில் காக்க வைப்பது மேல் அல்லவா?

இருந்தாலும் வியாபாரிகளுக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்குமா? வந்த வாடிக்கைக்காரரைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஆகையால் இப்போது பெரும்பாலும் மோர் வழிதான். ஒரே படத்தை முன்கூட்டியே ஐந்தாறு தரத்தில் தயாரித்து வைத்துவிடுகிறார்கள்: கெட்டித் தயிர், தயிர், மோர், நீர்மோர் என்கிற மாதிரி. ஒவ்வொன்றையும் சில வினாடி நீளமுள்ள துண்டு துண்டாக வெட்டியும் வைக்கிறார்கள். உங்கள் செல்போன் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. வழி நன்றாக இருந்தால் கெட்டித் தயிர்த் துண்டைக் கேட்கும். நெருக்கடி என்றால் நீர்மோர்த் துண்டு. முகம் சற்று மங்கும், ஆனால் படம் நிற்காது. மேலே நாம் போட்ட கணக்கில் 5 மெகாபிட்டுக்குப் பதில் ஒரு மெகாபிட் கொடுத்தால் 2,000 பேர் இருந்த இடத்தில் 10,000 பேர் உட்காரலாம்!

எந்தத் தரம் என்று தீர்மானிக்கிறவர் ஸர்வர் அல்ல, உங்கள் கையிலுள்ள போன்தான் என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. அது எப்படித் தீர்மானிக்கிறது? இதற்குக் கரிசல் சீமைப் பெண்களைக் கேட்டால் போதும். குழாயில் தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று நிச்சயமில்லாத ஊர்களில் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். தண்ணீர் வரும்போது அண்டா, குடம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார்கள். அப்புறம் குழாயைப் பார்ப்பதில்லை. தொட்டியைப் பார்த்துத்தான் செலவழிப்பார்கள். தொட்டி நிறைய இருந்தால் தலைக்குக் குளியல். கால் தொட்டி என்றால் முகம் கழுவிக்கொள்வதோடு சரி.

போனிலும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. நீங்கள் இந்த நிமிஷத்துக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சில துண்டுகளை வாங்கி அதில் ஊற்றி வைத்துக்கொள்கிறது. இதற்குப் பஃபர் என்று பெயர். வெகு காலம் வரை நிபுணர்கள் குழாயின் வேகத்தை அளப்பதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து, 'குழாயை விடு, தொட்டியைப் பார்' என்று ஒரு முறையைச் சோதித்தார்கள். படம் நின்று நின்று போவது 100-க்கு 10 முதல் 20 வரை குறைந்தது. எட்டயபுரத்தில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இதை அப்போதே சொல்லியிருப்பார்கள்!

ஆனால் கிரிக்கெட்டுக்கு இந்தத் தொட்டி அதிகம் உதவாது. சினிமா எடுத்து முடித்த சரக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் முன்கூட்டி நிரப்பிக்கொள்ளலாம். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் இன்னும் போடாத பந்தை எப்படி நிரப்புவது? தொட்டியைச் சிறிதாக வைத்தால் அடிக்கடி வற்றும். பெரிதாக வைத்தால் அத்தனை வினாடி தாமதித்துத்தான் படம் வரும். பக்கத்து வீட்டு டெலிவிஷனில் "ஸிக்ஸர்!" என்று கூச்சல் கேட்டுப் பல வினாடி கழித்து நம் போனில் பந்து போடுவார்கள். அந்த வயிற்றெரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, மான்செஸ்டருக்குப் போவோம். 240 எடுத்தால் ஜெயம். ரோஹித் சர்மா 1, ராகுல் 1, கோஹ்லி 1 என்று மூன்று பேரும் வந்த வேகத்தில் திரும்பினார்கள். ஸ்கோர் 5, விக்கெட் 3! எத்தனையோ பேர் போனை மூடி வைத்திருப்பார்கள். அப்புறம் ஜடேஜாவும் தோனியும் சேர்ந்தார்கள். ஜடேஜா 77 ஓட்டம் விளாசினார். நம் ஊரில் விளக்கு வைக்கும் நேரம். நாடு முழுவதும் போனைத் திறக்க ஆரம்பித்தது. இந்த ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அப்போது ஹாட்ஸ்டார் என்று பெயர். 2025 பிப்ரவரியிலிருந்து ஜியோஹாட்ஸ்டார். ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை 2 கோடியே 53 லட்சத்தைத் தொட்டது. அதுவரை உலகத்தில் எங்கும் ஒரு பந்தியில் அத்தனை இலை போட்டதில்லை.

இந்தக் கூட்டம் படிப்படியாகச் சேருகிற கூட்டமல்ல. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேர் வீதம் ஏறும் என்று அந்தக் கம்பெனியின் இஞ்சினீயர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். புதிய ஸர்வர் ஒன்றை எழுப்பி, முகம் கழுவ வைத்து, வேலையில் நிறுத்துவதற்கு ஒன்றிரண்டு நிமிஷம் பிடிக்கும். அதற்குள் வாசலில் பத்திருபது லட்சம் பேர் நிற்பார்கள். ஆகவே கூட்டத்தைப் பார்த்து உலை வைக்கிற ஜோலியே அங்கே கிடையாது. முகூர்த்தத்தைப் பார்த்து உலை வைக்க வேண்டும். டாஸ் போடுகிற நேரம், இடைவேளை முடிகிற நேரம், தோனி மட்டையோடு இறங்குகிற நேரம் எல்லாம் அவர்களுக்கு முகூர்த்தங்கள்தாம். எப்போதும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

தோனி 50 ஓட்டம் எடுத்திருந்தார். 49-ஆவது ஓவர். இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பி ஓடிவந்தபோது மார்ட்டின் கப்டில் எங்கிருந்தோ எறிந்த பந்து நேரே ஸ்டம்பில் பட்டது. கோட்டுக்கும் மட்டைக்கும் நடுவே சில அங்குலம்!

இங்கே உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். இப்போது கம்பெனிக்காரர்களுக்குக் கஷ்டம் தீர்ந்ததா, ஆரம்பமாயிற்றா? கூட்டம் கலைகிறது, பந்தி காலி, அப்பாடா என்று நினைப்போம். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குச் சோதனையே அப்போதுதான். கோடிக்கணக்கான பேர் மனம் நொந்து, 'பின்னால் போ' என்கிற பொத்தானை ஏக காலத்தில் அமுக்குகிறார்கள். அமுக்கினால் என்ன வரும்? முகப்புப் பக்கம் வரும். அந்தப் பக்கத்தில் 'உங்களுக்குப் பிடித்த படங்கள்', 'நேற்று பாதியில் விட்டது', 'இதையும் பார்க்கலாமே' என்று பத்துப் பன்னிரண்டு வரிசை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. படம் பார்த்துக்கொண்டிருந்தபோது சும்மா இருந்த வேறு ஸர்வர்கள்மேல் இந்தப் பாரம் முழுவதும் ஒரே நிமிஷத்தில் விழுகிறது. டெண்டுக் கொட்டகையில் படம் முடிந்ததும் எல்லோரும் ஒரே கதவுக்குப் பாய்கிற மாதிரி. சமையல்கட்டைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் செருப்பு விடும் இடத்தை மறந்தால் என்ன ஆகும்?

அவர்கள் மறக்கவில்லை. நெருக்கடி வந்தால் எதை எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். 'உங்களுக்குப் பிடித்தது' போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரியான சாதாரணப் பக்கத்தைக் காட்டிவிடுவது. படம் ஓடுவதும் பணம் கட்டியவரை உள்ளே விடுவதும் மட்டும் நிற்கக் கூடாது. அதாவது அப்பளம், பாயசம், தாம்பூலப் பை எல்லாம் போகட்டும். சோறும் குழம்பும் குறையக் கூடாது. பிள்ளைக்குட்டிக்காரிகள் மாதக் கடைசியில் செய்கிற காரியந்தான். ஆட்டம் 18 ஓட்டத்தில் தோற்றது. பந்தி மட்டும் ஜெயித்தது.

பிற்பாடு 2023 நவம்பர் 19-ஆம் தேதி ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அதே கம்பெனி மூலம் ஒரே சமயத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் அனுபவசாலிகளும் சறுக்குவதுண்டு. 2024 நவம்பரில் மைக் டைசன் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரடியாகக் காட்டியது. 6 கோடியே 50 லட்சம் திரைகள்! பல பேர் வீட்டில் குத்து விழுந்த நேரத்தில் படம் உறைந்து நின்றது. எடுத்து முடித்த சினிமாவைக் கொடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நேரடி ஆட்டம் வேறு வித்தை.

எடுத்து முடித்ததில் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் சூட்சுமம்! 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. மாம்பலத்தில் இருக்கிறவர் அதற்காகக் கோவில்பட்டிக்கு ரயில் ஏறுகிறாரா? தெருமுனைக் கடையில் பாட்டிலுக்குள் இருக்கிறது. ஜனங்கள் அதிகமாகக் கேட்கிற படங்களை நெட்ஃபிளிக்ஸ் தன் பெட்டிகளில் நிரப்பி, இண்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகளின் இடத்திலேயே வைத்துவிடுகிறது. நெருக்கடியில்லாத நேரத்தில், ஊர் உறங்கும்போது, மறுநாள் எந்தப் படத்துக்குக் கிராக்கி என்று ஊகித்து நிரப்புகிறார்கள். பால் பூத்துக்கு விடியற்காலையில் பால் வந்து இறங்குகிற மாதிரி. இந்த யோசனையைப் பெரிய அளவில் வியாபாரமாக்கிய ஆகமாய் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1998-இல் ஆரம்பமாயிற்று.

அந்த ஆகமாய் கம்பெனியின் கணக்குகளை வைத்து 2012-இல் இரண்டு பேர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஒருவர் சண்முக கிருஷ்ணன், மற்றவர் ரமேஷ் சீதாராமன். (பெயர்களைப் பார்த்தால் நம் பக்கத்து வாசனை அடிக்கிறது!) 2 கோடியே 30 லட்சம் தடவை ஜனங்கள் படம் பார்த்ததை அலசினார்கள். படம் ஆரம்பிக்க 2 வினாடிக்கு மேல் தாமதமானால் ஆட்கள் விட்டுவிட்டுப் போக ஆரம்பிக்கிறார்களாம். அதற்கு மேல் ஒவ்வொரு வினாடிக்கும் இன்னும் 100-க்கு 5.8 பேர் போய்விடுகிறார்கள். இதைவிட ருசிகரமானது இன்னொன்று. நல்ல வேகமான கம்பி உள்ளவர்கள்தாம் சீக்கிரம் பொறுமை இழக்கிறார்கள். செல்போன்காரர்கள் கொஞ்சம் காத்திருக்கிறார்கள். குழாயடியில் நின்று பழகியவளுக்கும், திறந்தால் கொட்டும் வீட்டில் வளர்ந்தவளுக்கும் உள்ள வித்தியாசம்.

காத்திருக்கிறார்கள் என்பதற்காக அவர்களையே காக்க வைக்கலாமா? 2020-இல் இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. மார்ச் 24-ஆம் தேதி இரவு தேசம் முழுவதும் கதவை அடைத்தது. வீட்டில் அடைபட்ட ஜனங்கள் படம் பார்க்கத் தொடங்கினார்கள். அதே கம்பிகளில்தான் ஆபீஸ் வேலையும் டாக்டர் ஆலோசனையும் ஓட வேண்டும். அன்றைக்கே ஹாட்ஸ்டார், நெட்ஃபிளிக்ஸ், அமேஸான், கூகிள் உள்ளிட்ட கம்பெனிகள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. ஏப்ரல் 14 வரை செல்போன் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு ஹெச்.டி. கிடையாது, 480 வரிக்கு மேல் படம் தருவதில்லை. ஐரோப்பாவில் அதற்குச் சில நாள் முன்பே நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களின் பாரத்தைக் கால் பங்கு குறைத்திருந்தது. கோடீசுவரர் வீட்டுப் போனுக்கும் 480, கரிசல் காட்டுப் போனுக்கும் 480. பந்தியில் எல்லோருக்கும் ஒரே மோர். அந்தச் சமயத்துக்கு அது சரியான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பிற்பாடு பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது அப்படி ஓர் ஏற்பாடும் இல்லை. பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் ஸிக்னல் தேடி அலைந்ததை எல்லோரும் பார்த்தோம். ஒரு வீட்டில் ஒரு போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் அன்றைக்குப் பாடம் கிடையாது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி அப்போது எத்தனையோ வீடுகளுக்குக் கை கொடுத்தது. நான் மேலே சொன்னேனே, கோபுரத்து மணி! எத்தனை பேர் கேட்டாலும் அதற்குப் பந்திக் கவலை இல்லை. புதியது வந்தால் பழையதைப் பரணில் போட்டுவிடுகிற வழக்கம் நமக்கு உண்டு. பரணில் போடலாம், தப்பில்லை; விற்றுவிடக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். நெருக்கடியில் படம் மங்கினாலும் மனம் பொறுக்கும். ஒலி அறுந்தால் பொறுக்காது. ஒலியோ அதிகம் கேட்பதில்லை. நல்ல சங்கீதத்துக்கு வினாடிக்கு 128 கிலோபிட் இருந்தால் தாராளம். ஒருவர் ஹெச்.டி. சினிமா பார்க்கும் தண்ணீரில் ஏறக்குறைய 40 பேர் தீக்ஷிதர் கிருதி கேட்கலாம். பாட்டுக் கேட்பதற்காகப் படத்தைத் திறந்து வைத்து, போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காய் நறுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கைச் செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறபடி, ஹெச்.டி. படம் மணிக்கு 3 ஜிபி வரை குடிக்கும், நடுத்தரம் 0.7 ஜிபி, கடைத்தரம் 0.3 ஜிபி. தினம் 1.5 ஜிபி தருகிற ரீசார்ஜ் செய்திருந்தால், ஹெச்.டி.யில் அரை மணியில் தீர்ந்துவிடும். நடுத்தரத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேலே வரும். கையகலத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். போனில் 'வீடியோ தரம்' என்று ஓர் இடம் இருக்கிறது. வீட்டில் பேத்தி இருந்தால் ஒரு நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவாள். அரை மணி ஸீரியல் நாலு பார்க்கலாம். ஐந்தாவதுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.